எர்லென்டால் மடத்தில் முகங்கள் திரும்பிய தவக்காலம்

கேட்பவரே, உங்கள் வாழ்வைத் தாங்கி நிற்கும் மனிதர்களை எல்லாம் ஒரே பக்கத்தில் வரையச் சொன்னால், எந்த முகத்தை வரைந்த பிறகு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, 'முடிந்தது' என்று எழுந்திருப்பீர்கள்? அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொன்ன ஒருத்தியின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அவள் கெட்டவள் அல்லள் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கெட்டவர்களின் கதையிலிருந்து நாம் கற்றுக்கொள்வது மிகக் குறைவு, 'நல்லவேளை, நான் இப்படி இல்லை' என்று பெருமூச்சு விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ரைன் நதிக்குக் கிழக்கே, பீச் மரக் காடுகள் மலையிலிருந்து இறங்கி வந்து ஓர் ஓடையின் கரையில் தயங்கி நின்ற பள்ளத்தாக்கில், எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்னர், எர்லென்டால் என்றொரு கன்னியர் மடம் இருந்தது. அதன் தலைவி அடெலிண்டா. பெருங்குடிப் பிரபு ஒருவரின் மூன்றாவது மகளாகப் பிறந்து, ஒன்பது வயதில், மூன்று குதிரைகள், ஓர் இறகு மெத்தை, ஒரு பை மிளகு ஆகியவற்றோடு மடத்து வாசலில் இறக்கிவிடப்பட்டு, அழுது ஓய்ந்து, பாட்டுக் கற்று, லத்தீன் கற்று, வண்ணம் அரைக்கக் கற்று, ஐம்பத்து நான்கு ஆண்டுகளை அந்த மதிலுக்குள்ளேயே கழித்தவள். அதில் இருபத்தாறு ஆண்டுகள் மடத்தை ஆண்டவள். தன் இறகு மெத்தையை நோயாளிகளின் அறைக்குக் கொடுத்துவிட்டு வைக்கோலில் படுத்தவள். பஞ்ச காலத்தில் தன் பங்கு ரொட்டியை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியைப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தவள். அவள் செய்த தவறு இப்படிப்பட்டவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

அவளுடைய கைவேலை புத்தகங்களுக்கு ஓவியம் தீட்டுவது. கன்றுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி வெண்ணெய்போல் ஆக்கிய ஏடுகளின் மேல், நீலக்கல் தூளும் சாதிலிங்கச் சிவப்பும் செம்புப் பச்சையும் கொண்டு அவள் வரைவாள். பொன் வைக்க வேண்டிய இடத்தில் பிசின் பூசி, அது காய்ந்தபின் வாயைக் குவித்து அதன்மேல் ஒரு மூச்சு விடுவாள். அந்த மூச்சின் ஈரம் உலர்வதற்குள் தங்க ரேக்கை வைத்து, நாய்ப்பல் பதித்த கோலால் தேய்த்துத் தேய்த்து ஒளி ஏற்றுவாள். ஆகவே அந்த மடத்துப் புத்தகத்தில் எங்கெல்லாம் பொன் இருந்ததோ, அங்கெல்லாம் அவளுடைய மூச்சும் இருந்தது.

இருபது ஆண்டுகளாக அவள் எழுதி வந்த பெரிய புத்தகத்தில் மீதமிருந்தது ஒரே ஒரு பக்கம். அது சகோதரிகளின் பக்கம். மடத்துக் கன்னியர் ஒவ்வொருத்தியின் முகத்தையும் வரைந்து, தலைக்குமேல் பெயரை எழுதி வைப்பது என்றும், அந்தப் பக்கத்தில் பெயர் ஏறியவளுக்காக மடம் நிற்கும் நாள்வரை ஆண்டுதோறும் பலிபீடத்தின் முன் பெயர் சொல்லி மன்றாடுவது என்றும் ஏற்பாடு. தவக்கால நோன்பு முடியும் ஈஸ்டர் எனும் உயிர்ப்பு ஞாயிறன்று புத்தகத்தைத் தைத்து, பலகை இட்டு, பீடத்தில் வைத்துவிட வேண்டும். தள்ளிப்போட முடியாது, ஏனெனில் அடெலிண்டாவின் இடது கண்ணில் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே பால் படர்ந்துவிட்டது, வலது கண்ணிலும் படரத் தொடங்கியிருந்தது. தன் கண் அணையும் முன் அந்தப் பக்கம் முடிந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவள் இறைவனிடம் தனக்காகக் கேட்டது.

நாற்பத்தேழு பேரை வடக்குச் சன்னலருகே ஒவ்வொருத்தியாக உட்காரவைத்து வரைந்தாள். நாற்பத்தெட்டாவதாகத் தன்னையும், கையில் மடத் தலைவியின் கோலோடு, கடைசியில் வரைந்துகொண்டாள். அத்தனை பேரும் பிரபு குடும்பங்களின் பெண்கள், லத்தீன் படித்தவர்கள், கோவிலில் பாடுகிறவர்கள். சமைத்தவர்களும் துவைத்தவர்களும் பால் கறந்தவர்களும் 'பணிச் சகோதரிகள்' என்று அழைக்கப்பட்டார்கள். பூசை நேரத்தில் பின்கதவருகே நின்றுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு அந்தப் பக்கத்தில் இடம் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. இல்லை என்று எவரும் சொல்லவும் இல்லை. சொல்லப்படாத தீர்ப்புகள்தாம் உலகில் மிக நீண்ட காலம் அமலில் இருக்கின்றன.

அந்தப் பக்கத்துக்காக வந்த தோல் மிகப் பெரியது, மிக அழகானது. ஆனால் வலது ஓரத்தில், கன்று உயிரோடிருந்தபோது முள்ளில் கிழிந்த ஒரு தழும்பு இருந்தது; ஓடைக்கரைக் கொட்டகையில் தோல் சுரண்டும் பணிச் சகோதரி அதை வெண்பட்டு நூலால் தைத்து அனுப்பியிருந்தாள். அந்தத் தையலைச் சுற்றி ஒரு கையகல இடத்தை அடெலிண்டா வெறுமையாக விட்டாள். பிறகு ஒரு லில்லிச் செடியை வரைந்து மறைத்துவிடலாம் என்று எண்ணம்.

தவக்காலத்தின் இரண்டாம் வாரம், புதன்கிழமைக் காலை, வண்ணம் அரைக்கும் சகோதரி கிஸ்லா மேசையின் மேலிருந்த துணியை விலக்கியபோது, பக்கத்தில் இருந்த நாற்பத்தெட்டு முகங்களும் திரும்பியிருந்தன.

முன்னால் நிற்பவரை நேராகப் பார்க்கும்படி வரையப்பட்ட முகங்கள். இப்போது அத்தனையும் வலது ஓரத்தை, தையலைச் சுற்றியிருந்த வெற்றிடத்தை, யாரோ வரப்போகிறார் என்று வாசலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தன.

"தாயே," என்றாள் கிஸ்லா, "எல்லாரும் திரும்பிவிட்டார்கள்."

"கழுத்தில் வண்ணம் வெடித்திருக்கிறதா?" என்றாள் அடெலிண்டா.

"இல்லை."

"பொன்?"

"உதிரவில்லை. உங்கள் முகம்கூடத் திரும்பியிருக்கிறது, தாயே. பக்கவாட்டில் உங்கள் மூக்கு கொஞ்சம் நீளம்."

அடெலிண்டா வலது கண்ணை ஏட்டுக்கு மிக அருகில் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். தான் ஒருநாளும் வரையாத கன்னக் கோடுகள், தான் ஒருநாளும் வரையாத தாடையின் நிழல்கள். தன்னுடையதைவிடத் தேர்ந்த கை ஒன்று வந்து போயிருப்பதை அறிந்து, எந்த ஓவியக்காரிக்கும் வருகிற பொறாமை ஒரு கணம் வந்து, பிறகு அடங்கியது. அவள் ஏட்டின் முன் மண்டியிட்டாள். பிறகு எழுந்து, சன்னலைத் திறந்துவிடச் சொன்னாள், வேலை இருந்தது.

மடம் அந்த அதிசயத்தை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. முதலில் ஏட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். முகங்கள் தையலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் முகத்தைப் பார்க்க வந்தாள். கண்ணாடி வைத்துக்கொள்ளும் உரிமை இல்லாத பெண்கள் முதல்முறையாகத் தங்கள் பக்கவாட்டைக் கண்டார்கள். ஒருத்திக்குத் தன் காதோரம் மச்சம் இருப்பது தெரிந்தது, இன்னொருத்தி தனக்கு இரட்டைத் தாடை என்று அறிந்து அன்றே வெண்ணெயை விட்டாள், தவக்காலத்தில் வெண்ணெய் கிடையாது என்பதை மற்றவர்கள் நினைவூட்டும் வரை அதைத் தியாகமாகவே எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத இரண்டு சகோதரிகள், ஏட்டில் தங்கள் கன்னங்கள் உரசிக்கொண்டிருப்பதைக் கண்டு, வெட்கப்பட்டுப் பேசத் தொடங்கினார்கள். செய்தி மதிலைத் தாண்டியது. வண்டிக்காரர்கள் வந்தார்கள், ஆட்டிடையர்கள் வந்தார்கள், கருவுற்ற பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள்; ஊரில் தொட்டில்களை வலப்பக்கமாகத் திருப்பிப் போடும் வழக்கம் வந்தது; உணவுக்கூடத்தில் வலது ஓரத்து நாற்காலியில் எவரும் உட்காராமல் அதன்முன் ஒரு கிண்ணம் மட்டும் வைப்பது என்றாயிற்று. அந்தக் கிண்ணத்துக் கஞ்சியை மடத்துப் பூனை குடித்தது. அதையும் பக்தியோடு பொறுத்துக்கொண்டார்கள்.

யாரோ ஒருவர் அங்கே வரையப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. யார் என்பதில்தான் பேச்சு.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றாள் துணைத் தலைவி மெக்டில்டா, கூட்ட அறையில் எழுந்து நின்று. அவள் கோமகன் ஒருவரின் தங்கை. அதைத் தானே மறந்தாலும் மற்றவர்களை மறக்கவிடாதவள். "தெற்குச் சரிவுத் திராட்சைத் தோட்டத்தை மடத்துக்குக் கொடுத்தவர் யார்? என் அண்ணன். முகங்கள் எந்தத் திசையில் பார்க்கின்றன? தெற்கே."

"ஏட்டைத் திருப்பி வைத்தால் அது வடக்கு," என்றார் ஞானகுரு வோல்க்மார். "சகோதரி, ஆட்டுமந்தை திரும்பினால் மேய்ப்பனைப் பார்த்துத்தான் திரும்பும். அந்த இடம் நம் மறைமாவட்ட ஆயருக்கு உரியது."

"ஆயர் இந்தப் பக்கமே வந்து பதினோரு ஆண்டாகிறது, சுவாமி."

"அதனால்தானே எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

அறை சிரித்தது. மெக்டில்டா சிரிக்கவில்லை.

மரியாதை கருதி முதலில் ஆயரை வரைந்தாள் அடெலிண்டா. நண்பகல் மணி அடித்தபோது ஆயர் தொப்பியிலிருந்து தொடங்கி மாவாக உதிர்ந்து மேசையில் கொட்டினார், கிஸ்லா அவரை ஒரு சிப்பியில் கூட்டி எடுத்து மூடி வைத்தாள். பிறகு கோமகனை வரைந்தாள். அவரும் நண்பகலைத் தாண்டவில்லை, மீசை மட்டும் மூன்று நாள் நின்றது, "பார்த்தீர்களா, முழுவதும் போகவில்லை" என்று மெக்டில்டா மூன்று நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு வாரமும் அடெலிண்டாவின் கண்ணிலிருந்து ஒரு நிறம் போயிற்று. முதலில் பச்சை போனது, பிறகு சிவப்பு. நீலமும் பொன்னும் எஞ்சியிருந்தன.

கோமகனின் மீசையை அவள் மறுபடி தீட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் வாயிற்காவல் சகோதரி வந்து நின்றாள்.

"தாயே, ஓடைக்கரையிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள், துவைக்கிறவள். அங்கே தோல் சுரண்டுகிறவளுக்குக் காய்ச்சலாம். பெரிய தோலில் என்ன வரைந்தீர்கள் என்று ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறாளாம். கூட்டி வரலாமா என்று கேட்கிறாள்."

"காய்ச்சலோடு எழுத்துக்கூடத்துக்கா?" என்றாள் அடெலிண்டா, தூரிகையை ஏட்டிலிருந்து எடுக்காமல், மிக அன்பான குரலில். "பாவம். சூப்பும் தேனும் கொடுத்தனுப்பு. உயிர்ப்பு ஞாயிறு கழியட்டும், பார்த்துக்கொள்ளலாம்."

கேட்பவரே, உங்களுக்கு இப்போது புரிந்துவிட்டிருக்கும். புரிந்ததற்காகப் பெருமைப்பட வேண்டாம். கதையின் வெளியே நிற்கிறவனுக்கு எல்லாமே எளிதில் புரியும். மடத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. அவர்கள் மூடர்கள் அல்லர்; மூன்று மொழிகள் அறிந்தவர்கள், விண்மீன்களின் பெயர்கள் அறிந்தவர்கள். ஓர் அதிசயம் நிகழ்ந்தால் அது மேலே இருப்பவர்களைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று பழகிப்போன கண்கள் அவர்களுடையவை, அவ்வளவுதான். இறைவன் நாற்பத்தெட்டு முகங்களைத் திருப்பி, ஐந்து வாரம் கொடுத்தான். அந்த ஐந்து வாரத்தையும் அவர்கள் தொப்பிக்கும் மீசைக்கும் செலவழித்தார்கள்.

உயிர்ப்புக்கு முந்தைய வாரம், குருத்து ஞாயிறு கழிந்த புதன்கிழமை, மடத்தின் காவல் புனிதையை அந்த இடத்தில் வரைய அடெலிண்டா அமர்ந்தாள். இம்முறை வண்ணம் தூரிகையை விட்டு இறங்கவே மறுத்தது. நீலமும் மங்கி, பொன்னின் மினுக்கம் மட்டுமே தெரிந்த கண்ணோடு, களைத்துப்போய், அவள் தூரிகையை வைத்துவிட்டு உள்ளங்கையை அந்த வெற்றிடத்தின் மேல் விரித்து வைத்தாள். இருபது ஆண்டுகளில் முதல்முறையாக ஏட்டைக் கண்ணால் பாராமல் கையால் பார்த்தாள்.

தையல் விரலில் பட்டது. எறும்பின் காலடிகள்போல அத்தனை நெருக்கமான, அத்தனை பொறுமையான தையல். அதைச் சுற்றித் தோல், ஒரு நரம்பு தட்டாமல், ஒரு மயிர்க்கால் இடறாமல், குழந்தையின் இமைபோல. இத்தனை ஆண்டுகளில் தன் இறகுப் பேனா எங்கேனும் ஒருமுறை சிக்கியதுண்டா என்று எண்ணிப் பார்த்தாள். இல்லை. ஒருமுறைகூட இல்லை. சிக்காமல் ஓடிய ஒவ்வொரு கோட்டுக்கும் தன் கையைத்தான் மெச்சிக்கொண்டிருந்தாள்.

"கிஸ்லா," என்றாள். "என் கோல் எங்கே?"

"எங்கே போகிறீர்கள், தாயே?"

"ஓடைக்கு."

வாயிற்காவல் சகோதரி சாவியைக் கீழே போட்டுவிட்டாள். மடத் தலைவி எவரும் அந்தக் கொட்டகைக்குப் போனதில்லை. சுண்ணாம்பும் அழுகிய தோலும் வீசும் நாற்றத்தால் அது மதிலுக்கு வெளியே, காற்று அடிக்காத திசையில் கட்டப்பட்டிருந்தது. சுரண்டிய தோல்கள் ஆண்டுக்கு இருமுறை மதிலில் இருந்த ஒரு சிறு கதவின் வழியாக உள்ளே நீட்டப்படும், உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். கிஸ்லாவின் தோளைப் பற்றிக்கொண்டு, சேற்றில் பாவாடை இழுபட, நண்பகல் வெயிலில் அவள் இறங்கிப் போனாள். சட்டங்களில் இழுத்துக் கட்டிய தோல்கள் காற்றில் விம்மிக்கொண்டிருந்தன. துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவளைக் கண்டு, ஈரத் துணியோடு எழுந்து நின்றாள்.

"தோல் சுரண்டுகிறவள் எங்கே, மகளே?"

"புதைத்து மூன்று நாளாகிறது, தாயே. குருத்து ஞாயிறன்று."



"எனக்கு ஏன் சொல்லவில்லை? மணி அடிக்கவில்லையே?"

அந்தப் பெண் குழப்பத்தோடு கிஸ்லாவைப் பார்த்தாள். தவறாக எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். "எங்களுக்கு மணி அடிக்கிற வழக்கம் இல்லையே, தாயே. சமையலறையில் சொல்லிவிடுவோம். ஒரு ரொட்டி குறைத்துச் சுடுவதற்கு."

"அவள் பெயர் என்ன?"

"தோல்காரி."

"அது வேலை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்?"

அந்தப் பெண் ஈரத் துணியைக் கல்லில் வைத்தாள். "காய்ச்சலில் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது அவளுடையதா, இங்கே வருமுன் செத்துப்போன அவள் பிள்ளையுடையதா தெரியவில்லை. ஓடைச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவும் இல்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்."

அன்று மாலைவரை மடம் முழுவதும் ஒரு பெயரைத் தேடியது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு பஞ்சத்தில், நதிக்கு அப்பாலிருந்து ஒற்றையாக வந்தவள், அன்றைய காரியக்காரர் 'இவளைத் தோலுக்கு அனுப்பு' என்றார், போனாள், அவரும் இறந்துவிட்டார். சமையற்காரிக்கு அவளுக்கு வெங்காயம் பிடிக்காது என்று தெரிந்திருந்தது. இடையனுக்கு, ஒவ்வொரு கன்றின் தோலையும் தொட்டியில் இறக்கும் முன் அதன் காதிருந்த இடத்தில் ஏதோ முணுமுணுப்பாள் என்று தெரிந்திருந்தது; மன்னிப்புக் கேட்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். ஞானகுரு வோல்க்மாருக்கு, பாவ அறிக்கையில் கேட்ட அவளுடைய பாவங்கள் தெரியும், பெயர் தெரியாது, தலையைக் குனிந்துகொண்டார். முகம் எப்படி இருக்கும், கண் என்ன நிறம் என்று கேட்டபோது, இருவர் சாம்பல் என்றார்கள், மூவர் பழுப்பு என்றார்கள், கிஸ்லா, "அவள் எப்போதும் குனிந்தே இருப்பாள், தாயே" என்றாள்.

மறுநாள் பெரிய வியாழன். ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, அன்று காலை மடத் தலைவி பணிச் சகோதரிகளில் பன்னிரண்டு பேரை முக்காலிகளில் அமர்த்தி, மண்டியிட்டு, அவர்களுடைய பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவாள். கழுவுகிறவள் தலை நிமிரக் கூடாது என்பது எர்லென்டால் மடத்தின் விதி. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால், தான் யாருக்குத் தாழ்ந்தாள் என்று மனம் கணக்கிட்டுச் செருக்கு கொள்ளும் என்பதற்காக, முற்காலத்தில் ஒரு புண்ணியவதி வகுத்த விதி. இருபத்தாறு ஆண்டுகளில் அடெலிண்டா அதை ஒருமுறையும் மீறியதில்லை.

அன்றும் குனிந்த தலையோடு, ஒரு முக்காலியிலிருந்து அடுத்ததற்கு முழங்காலால் நகர்ந்து வந்தாள். பன்னிரண்டாவது முக்காலியின் முன் கையை நீட்டியபோது, கை காற்றில் போய் நின்றது. அங்கே எவரும் இல்லை.

கண் மறந்ததைக் கை மறக்கவில்லை. பன்னிரண்டாவது முக்காலியில் ஒவ்வோர் ஆண்டும் வந்தமர்ந்த இரண்டு பாதங்கள் அவளுடைய உள்ளங்கையில் எழுந்தன: சுண்ணாம்பு தின்று வெடித்த குதிகால்கள், இடது சுண்டுவிரல் இல்லாத இடத்தின் வழுவழுப்பு, கணுக்காலில் ஒரு பழைய தீத்தழும்பு, நீர் பட்டதும் எரிச்சலால் ஒருமுறை சுருங்கிப் பிறகு அடங்கும் அந்தச் சிறு அசைவு. பத்தொன்பது முறை கழுவியிருக்கிறாள். பத்தொன்பது முறை முத்தமிட்டிருக்கிறாள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, தலையைத் தூக்கியிருந்தால் போதும்.

பணிவும் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு வழியாகிவிடும், கேட்பவரே. காலில் விழுவது எளிது. எழுந்து நின்று, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து, 'நீ யார்?' என்று கேட்பதுதான் கடினம்.

அடெலிண்டா பின்னுக்கு நகர்ந்து, பதினோராவது முக்காலிக்கு வந்து, கோவிலே பார்த்துக்கொண்டிருக்கத் தலையைத் தூக்கினாள். பெண்கள் வரிசையில் ஒரு மூச்சு இழுபட்டது. அவள் கண்களுக்கு எதிரில் தெரிந்தது ஒரு மங்கலான வெளிச்சம் மட்டுமே. தூக்குவதற்கு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டுவிட்டாள். ஆகவே ஈரக் கைகளை உயர்த்தி, அந்தப் பெண்ணின் நெற்றியையும் கன்னங்களையும் வாயையும் தடவிப் பார்த்து, "உன் பெயர் என்ன?" என்றாள்.

"யூத்தா," என்றாள், ஓடையில் துவைக்கும் அந்தப் பெண், அழுதுகொண்டே. "என் பெயர் யூத்தா, தாயே."

பதினோரு பேரிடமும் கேட்டாள். பதினோரு பெயர்கள் அந்தக் கோவிலில், பாடும் கன்னியரின் காதுபட, முதல்முறையாக ஒலித்தன. பத்தாவது பெயர் மெக்டில்டா. துணைத் தலைவி மெக்டில்டா தன் இருக்கையிலிருந்து இறங்கி வந்து, பன்றிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த மெக்டில்டாவின் பாதங்களைத் தானே துடைத்தாள்; ஏன் என்று எவரும் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் அடெலிண்டா ஏட்டின் முன் அமர்ந்தாள். நிறங்களின் பெயரை அவள் சொல்ல, கிஸ்லா தூரிகையைத் தோய்த்துக் கொடுத்தாள். அறியாத முகத்தை வரைவது பொய். அறிந்த ஒன்றை மட்டும் வரைந்தாள். தையலின் இருபுறமும், வெறுந்தரையில் ஊன்றி நிற்கும் இரண்டு வெற்றுப் பாதங்கள். குதிகாலின் வெடிப்புகளில் பிசின் பூசி, வாயைக் குவித்து, நடுங்கும் மூச்சை அவற்றின்மேல் விட்டு, ரேக்கு ஒட்டினாள். எந்த ஆயரின் மணிமுடிக்கும் அவ்வளவு பொன் அவள் வைத்ததில்லை. பாதங்களுக்குமேல், அவற்றின் அளவுக்கேற்ற ஓர் ஆள் உயரத்துக்கு, வெறும் தோல். அதற்கும் மேலே, பெயர் எழுதவேண்டிய கோடு ஒன்றை இழுத்துவிட்டு, அதை எழுதாமல் விட்டாள். கடைசிக் கோட்டை இழுக்கும்போது பொன்னின் மினுக்கமும் அவள் கண்ணில் அணைந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்ததும் அவ்வளவுதானே, முடித்துவிட்டாள்.

வியாழன் கழிந்தது, வெள்ளி கழிந்தது, சனிக்கிழமை நண்பகல் மணி அடித்து ஓய்ந்தது. பாதங்கள் உதிரவில்லை. உயிர்ப்பு ஞாயிறு விடிந்து, மணிகள் முழங்க, தைப்பதற்காக ஏட்டை எடுத்து வர எல்லாரும் எழுத்துக்கூடத்துக்குப் போனார்கள். நாற்பத்தேழு கன்னியரும், அவர்களுக்கு நடுவே, முதல்முறையாக அந்த அறைக்குள் கால்வைத்த பணிச் சகோதரிகளும். கிஸ்லா துணியை விலக்கினாள். சிலர் முழந்தாளிட்டார்கள்.

"திரும்பிவிட்டார்களா?" என்றாள் அடெலிண்டா, பார்வையற்ற கண்களோடு.

"திரும்பிவிட்டார்கள், தாயே. நம்மைப் பார்க்கிறார்கள்."

"எல்லாருமா?"

பொய் சொல்வது அன்பாக இருக்கும் என்று கிஸ்லாவுக்குத் தோன்றியது. அந்த மடத்தில் அன்பின் பெயரால் எவ்வளவோ நடந்துவிட்டது என்பதும் தோன்றியது.

"ஒருவரைத் தவிர, தாயே. அவர் தலையைத் தூக்கி, பாதங்களுக்கு மேலே, முகம் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

"கையில் கோல் இருக்கிறதா அவளுக்கு?"

"இருக்கிறது."

"அவள் பார்க்கட்டும்," என்றாள் அடெலிண்டா. "தையுங்கள்."

அன்று பீடத்தின் முன் நாற்பத்தெட்டுப் பெயர்களும், அதற்குப் பின் எழுதிச் சேர்க்கப்பட்ட பணிச் சகோதரிகளின் முப்பத்தொரு பெயர்களும் வாசிக்கப்பட்டன. முடிவில் வாசிக்கிறவள் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினாள், எல்லாரும் அந்த மூச்சுக்குத் தலை நிமிர்ந்து நின்றார்கள். அந்த வழக்கம் அதன் பிறகு அந்த மடத்தில் நிலைத்தது. ஆனால் பெயர் கிடைக்கவில்லை. அடெலிண்டா இன்னும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தாள், நதிக்கு அப்பாலிருந்து யார் வந்தாலும் கைபிடித்து நிறுத்தி விசாரித்தாள், கிடைக்கவேயில்லை. ஏட்டில் கோல் பிடித்தவளின் முகமும் திரும்பவேயில்லை.

இதைக் கேட்டுவிட்டு 'நல்ல கதை' என்று சொல்லி எழுந்து போய்விடாதீர்கள். உங்கள் தெருவைக் கூட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் அலுவலகத்தில் நீங்கள் வருமுன் வந்து தரை துடைத்துவிட்டுப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் வீட்டில் உங்கள் எச்சில் தட்டைக் கழுவுகிறவர் இருக்கிறார். அவருக்குப் பழைய துணியும் பண்டிகைப் பலகாரமும் கொடுத்திருப்பீர்கள், தெரியும். பண்டிகை கழியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்களுக்காகப் பக்கங்களில் முகங்கள் திரும்பும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். இன்று, வெளிச்சம் இருக்கும்போதே, எழுந்து போய், அவர் முன் நின்று, முகத்தை நேராகப் பார்த்து, பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரையும் சொல்லுங்கள். போங்கள், இப்போதே போங்கள்.